பதினாறில் பாக்கியோ, பத்தொன்பதில் மேவெதர்: திருப்பூர்ப் பையன் எந்த வழியில் போவது?

திருப்பூரில் நான் பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கும் கொட்டகையில் தொங்குகிற பைகள் எல்லாம் பனியன் வேஸ்ட் அடைத்துத் தைத்தவை. நாலு மாதம் குத்து வாங்கினால் துணி முழுக்கக் கீழே இறங்கிவிடும். அடிப்பக்கம் கல், மேற்பக்கம் தொளதொள. போன வாரம் ஒரு பையைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தபோது ஒரு பையனின் அப்பா வந்து நின்றார். "ஏனுங் மாஸ்டர், இவன் மெடலுக்கு ஆடறதா, காசுக்கு ஆடறதா? நீங்களே ஒரு வழி சொல்லிப்போடுங்."

பையனுக்குப் பதினேழு வயது. நல்ல இடது கை. பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டைக்காரர் பாக்கியோ மாதிரி நேராகப் புரொபஷனல், அதாவது காசுக்கு ஆடுகிறவன், ஆகிவிட வேண்டும் என்று நிற்கிறான்.

மேனி பாக்கியோ 1995-இல், பதினாறு வயதில், பணத்துக்காக ரிங் ஏறியவர். ஒலிம்பிக் பக்கமே போகவில்லை. எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற ஒரே ஆள் அவர்தான். ஆனால் நடுவில் நடந்ததையும் பையன்கள் பார்க்க வேண்டும். 1996-இல் நாக்அவுட்டில் தோற்றார். 1999-இல் எடை கூடிப்போனதால் தராசிலேயே பட்டத்தை இழந்து, அப்புறம் சண்டையிலும் விழுந்தார். ஒவ்வொரு பாடத்தையும் உடம்பைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டார்.

அமெரிக்காவின் ஃப்ளாய்ட் மேவெதர் வந்த வழி வேறு. அப்பாவும் சித்தப்பாக்களும் குத்துச்சண்டைக்காரர்கள். அமெச்சூரில், அதாவது காசுக்கு இல்லாமல் மெடலுக்கு ஆடுவதில், பல வருடம் இருந்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கி, அதே வருடம் பத்தொன்பது வயதில் புரொபஷனல் ஆனார். 50 சண்டை, 50 வெற்றி. 2015 மே 2 அன்று பாக்கியோவையே புள்ளிகளில் வென்றார். அடி வாங்காமல் ஆடும் அந்தத் தற்காப்பு, சின்ன வயதிலிருந்து ஊறியது.

அமெச்சூர், புரொபஷனல் இரண்டும் ஒரே விளையாட்டு என்று நினைப்பதில்தான் தப்பு ஆரம்பிக்கிறது. அமெச்சூரில் மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று, மொத்தம் மூன்று சுற்று. ஐந்து நடுவர்கள் பார்க்கிறார்கள். ஒரே வாரத்தில் நாலைந்து பேரைச் சந்திக்க வேண்டும், ஆடுகிற நாள் காலையில் எல்லாம் எடை பார்ப்பார்கள். புரொபஷனலில் பட்டச் சண்டை பன்னிரண்டு சுற்று, அதாவது 36 நிமிடம். எடை பார்ப்பது முந்தைய நாள். எதிராளி யார் என்பதைப் பெரும்பாலும் சண்டையை ஏற்பாடு செய்யும் ப்ரமோட்டர்தான் தீர்மானிப்பார்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், புரொபஷனல் வாழ்க்கை ஜாப் வொர்க் யூனிட் மாதிரி. ஆர்டர் வந்தால் மிஷின் ஓடும், வராவிட்டால் சும்மா நிற்கும். வந்த காசிலும் பயிற்சியாளர், மேனேஜர் பங்கு போய்விடும். பதினேழு வயதில் கையை உடைத்துக்கொண்டால் கேட்க நாதியில்லை. அமெச்சூரில் காசு இல்லைதான். ஆனால் நேஷனல் மெடல் ஒன்று இருந்தால் ரயில்வே, ராணுவம், போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி உண்டு. தறி ஓட்டியும் தையல் மிஷினில் உட்கார்ந்தும் பிள்ளையை அனுப்புகிற வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

அதற்காக அமெச்சூரிலேயே கிடக்கவும் கூடாது. விஜேந்தர் சிங்கைப் பாருங்கள். 2008 பெய்ஜிங்கில் வெண்கலம், ஹரியானா போலீஸில் பதவி. 2015-இல் புரொபஷனல் ஆனபோது வயது 29. முதல் 12 சண்டைகளிலும் ஜெயித்தார், ஆசிய பசிபிக் பட்டமும் வாங்கினார். உலகப் பட்டத்துக்கு ஆடும் இடத்துக்கு மட்டும் போகவில்லை. ஐந்து வருடம் முன்னால் போயிருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு. உக்ரைனின் லொமசென்கோ 2008, 2012 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கிவிட்டு, 25 வயதில் மாறி, மூன்றாவது சண்டையிலேயே உலகப் பட்டம் வென்றார். அந்த வயதுக்கணக்கு எனக்குச் சரியாகப் படுகிறது.

அதனால் என் ஓட்டு மேவெதர் வழிக்குத்தான், வயதை மட்டும் கொஞ்சம் தள்ளி. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வரை அமெச்சூர், கையில் ஒரு வேலை, அப்புறம் உடம்பு ஒத்துழைத்தால் புரொபஷனல். அப்பாவிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"அது வரைக்கும் செலவு எப்படிங்?"

தினம் நாலு முட்டை, ஒரு பிடி நிலக்கடலை, ராத்திரி நேரத்தோடு தூக்கம். இதை நீங்கள் பாருங்கள், கிளவுஸும் பேண்டேஜும் என் பொறுப்பு என்றேன். பையன் வந்து பையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். வேஸ்ட்டைத் திரும்ப அடைத்து, வாயைத் தைத்து, மாட்டினோம்.