சிங்கப்பூர் ஓட்டல் என்று சொல்லி ஜோகூரில் தங்கவைத்தார்கள்: டூர் பேக்கேஜ் எடுப்பவர்கள் கவனத்துக்கு

ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர் பக்கம் சிங்கப்பூர்-மலேசியா டூருக்கு யாராவது பணம் கட்டப்போகிறீர்கள் என்றால், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டிராவல்ஸ்காரர் பெயரைப் போடவில்லை. வழக்குப் போடப்போகிறோம், அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். என்ன செய்தார்கள் என்பதை மட்டும் முழுசாகச் சொல்கிறேன்.

பள்ளிக்கூட லீவில் எங்கள் குடும்பமும் மாமா குடும்பமும் சேர்ந்து கிளம்பினோம். ஆளுக்கு 78 ஆயிரம். நோட்டீஸில் ‘சிங்கப்பூர் 3 ஸ்டார் ஓட்டல்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘அல்லது அதற்கு இணையானது’. மொத்த வில்லங்கமும் அந்தப் பொடி எழுத்தில்தான்.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் வேனில் ஏற்றினார்கள். ஊருக்குள் போகாமல் நேராக உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி, பாலம், அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூர் பாரு. ஓட்டல் அங்கே. மாமா கைடைப் பிடித்து, “ஏனுங் தம்பி, சிங்கப்பூர்ல தங்கறதுன்னுதானே பேச்சு?” என்று கேட்டார். கைடு மலேசியத் தமிழர், பாவம், சம்பளத்துக்கு வேலை செய்பவர். “பாலம் தாண்டினா சிங்கப்பூர்தாண்ணே, பக்கம்தான்” என்றார். ஈரோட்டு ஆபீசுக்குப் போன் போட்டால், “அதுவும் 3 ஸ்டார்தானுங்க, இணையானதுதானுங்க. சிங்கப்பூர்ங்கறது சுத்திப் பாக்கற எடத்துக்குப் போட்ட தலைப்புங்க” என்று பதில் வந்தது. ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மலேசியப் பணம் மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும், அதனால் ஜோகூரில் அறை மலிவு. அறை வாடகை வித்தியாசம் அப்படியே அவர்கள் பைக்குள் போகிறது.

பாலம் என்னவோ சுமார் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் அது இரண்டு நாட்டு எல்லை. தினமும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடக்கிற வழி. ஜோகூரில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். பைக்குகள் மட்டுமே கண்ணுக்கெட்டும் தூரம் நிற்கும். பஸ்ஸில் போனால் மலேசியப் பக்கம் இறங்கிப் பாஸ்போர்ட் காட்டி, மறுபடி பஸ் ஏறி, உட்லண்ட்ஸில் மறுபடி இறங்கி, பையை ஸ்கேனில் போட்டு, கட்டைவிரல் வைத்துப் போக வேண்டும். காலம் பூராவும் காட்டு வேலை செய்த கை என்பதால் அம்மாவுக்கு ரேகை சட்டென்று விழவில்லை. ஒவ்வொரு தடவையும் தனியாக உட்காரவைத்து விசாரித்தார்கள். சாயங்காலம் இதே கூத்து எதிர்த்திசையில். இதில் நாங்கள் இழந்தது சிங்கப்பூரின் ராத்திரி. கார்டன்ஸ் பை த பே தோட்டத்தில் அந்த ராட்சத இரும்பு மரங்களின் ஒளிக்காட்சி இரவு 7.45-க்கும் 8.45-க்கும். இரண்டையுமே பார்க்க விடவில்லை. எல்லையில் கூட்டம் சேர்ந்துவிடும் என்று கைடு அதற்கு முன்பே வண்டியில் ஏற்றிவிட்டார்.

அடுத்தது ‘நுழைவுக் கட்டணங்கள்’. பேக்கேஜ் பில்லில் இது தனி வரி. ஊர் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் விவரம் புரிந்தது. மெர்லயன் சிலைப் பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. நாங்கள் பார்க்காத அந்த ஒளிக்காட்சிக்கும் கிடையாது. அந்தத் தோட்டத்தில் கண்ணாடிக் கூடங்களான ஃப்ளவர் டோம், கிளவுட் ஃபாரஸ்ட் மாதிரி சிலவற்றுக்குத்தான் டிக்கெட். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தைக் கீழே பூங்காவில் நின்று பார்க்கக் காசு வேண்டாம், மேலே ஏறினால்தான் காசு. எங்களை ஏற்றவே இல்லை.

பத்துமலைதான் உச்சம். ‘பத்துமலை முருகன் கோயில் நுழைவுச் சீட்டு’ என்று ஆளுக்கு 600 ரூபாய். 272 படி ஏறிக் குகைக் கோயிலுக்குள் போய்ச் சாமி கும்பிட யாரும் எங்களிடம் சீட்டுக் கேட்கவில்லை. கீழே இருக்கும் ராமாயணக் குகைக்குக் கட்டணம் உண்டு, அங்கே நாங்கள் போகவில்லை. பழனியில் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கிப் பழகிய நமக்கு இந்த வரியில் சந்தேகமே வராது. அது தெரிந்துதான் போடுகிறார்கள். அம்மா மட்டும் படியேறி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே, “சீட்டு எங்க கண்ணு, ஆருமே கேக்கல?” என்றார்.

இதுபோக ‘மலேசியா விசா’ என்று ஆளுக்கு 2,500. இந்தியர்கள் 30 நாள் வரை தங்க மலேசியாவுக்கு விசாவே வேண்டாம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தச் சலுகை இருக்கிறது, 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். வேண்டியது டிஜிட்டல் வருகை அட்டை மட்டும். சிங்கப்பூருக்கு விசா கட்டாயம் உண்டு, அதற்குப் பணம் கொடுப்பது நியாயம். ஆனால் சிங்கப்பூர் வருகை அட்டையும் இலவசம்தான். இரண்டையும் அந்தந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில், அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நாமே நிரப்பிவிடலாம். கூகுளில் தேடினால் முதலில் வரும் தனியார் தளங்கள் இதற்கும் டாலரில் காசு பிடுங்கும், உஷார். எல்லை தாண்டும் ஒவ்வொரு தடவைக்கும் புது அட்டை வேண்டும். எங்கள் ஆள் அதையும் விடவில்லை: ஜோகூரில் தங்கவைத்ததும் அவரே, அதனால் கூடுதலாகத் தேவைப்பட்ட அட்டைகளுக்கு ‘சர்வீஸ் சார்ஜ்’ வாங்கியதும் அவரே!

சாக்லேட் கடையில் இறக்கிவிட்டு நேரம் ஓட்டியது, சாப்பாட்டுக்குத் தினமும் ஒரே தயிர்சாதம், அதெல்லாம் எல்லா டூரிலும் இருக்கிற கதை, விடுங்கள்.

கடைசியில் ஆடிட்டர் ஒன்று கண்டுபிடித்தார். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள். அது நம் பான் எண்ணில் வரவாகி, வருமான வரித் துறை நம் பெயரில் வைத்திருக்கும் 26ஏஎஸ் கணக்கில் தெரிய வேண்டும். ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். எங்கள் பில்லில் டிசிஎஸ் பிடித்திருக்கிறார்கள். 26ஏஎஸ்ஸில் ஒரு பைசா காணோம். வெளிநாட்டு டூர் போய் வந்தவர்கள் எல்லோரும் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இனி போகிறவர்கள் செய்ய வேண்டியது: ஓட்டல் பெயர், தெரு முகவரி, எந்த நாடு என்பதோடு எழுத்தில் வாங்குங்கள். ‘இணையானது’ என்ற வரியை அடிக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள், ஊரில் டிராவல்ஸுக்கா பஞ்சம்? எந்தெந்த இடத்துக்கு டிக்கெட் என்று பட்டியல் கேளுங்கள். மச்சான் நம்பருக்கு ஜிபே பண்ணுங்கள் என்பார்கள், கூடாது. கம்பெனி கணக்குக்கே அனுப்பி, ஜிஎஸ்டி பில் வாங்குங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. டிராவல்ஸ் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நாங்கள் திருப்பூரில் போடுகிறோம். நோட்டீஸ், பில், வாட்ஸாப் பேச்சு எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வக்கீலிடம் கொடுத்தாயிற்று. ஜோகூர் ஓட்டல் ரசீதும் பாஸ்போர்ட்டில் மலேசிய முத்திரைகளும் இருப்பதே போதும் என்கிறார். இதே மாதிரி ஜோகூரில் படுத்து எழுந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் எதையும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.