டிடிஎஸ் மீட்டர்: உச்சிப்புளி பக்கத்து டீக்கடையிலிருந்து

ஆன்லைனில் 300 ரூபாய்க்குள் வாங்கியது. பேனா நீளம்தான். மூடியைக் கழற்றினால் அடியில் இரண்டு உலோக முனைகள். தண்ணீரில் முக்கினால் அந்த முனைகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கும் என்று தோராயமாக ஓர் எண் காட்டும். அந்த எண்தான் டிடிஎஸ். அவ்வளவுதான் இதன் வேலை.

டீக்கடைக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். உப்புத் தண்ணீரில் டீ போட்டுப் பாருங்கள், பால் திரிந்து பாத்திரத்தில் ஒட்டும். சித்திரை வந்தால் எங்களுக்கு அதுதான் பாடு.

வாங்கிய அன்றே கடையில் இருந்த தண்ணீரையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். விலைக்கு வாங்கும், உப்பு நீக்கி வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர்க் குடம் 70. காவிரிக் குழாய்த் தண்ணீர் 380. மணல்மேட்டு ஊத்தில் சிரட்டையால் மொண்டு வந்தது 310. எங்கள் போர்வெல் 1,400. ஐ.எஸ். 10500 என்ற குடிநீருக்கான இந்தியத் தரம் 500 வரை சரி என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை விடுகிறது. கடல் தண்ணீர் சுமார் 35,000 இருக்கும், அதை இந்த மீட்டரால் காட்ட முடியாது. 9,990 தான் இதன் எல்லை.

ஒரு குறை. 999-ஐத் தாண்டினால் கடைசிப் பூஜ்யத்தை விழுங்கிவிட்டு, ஓரத்தில் எள்ளளவு எழுத்தில் ‘×10’ என்று காட்டும். பக்கத்து வீட்டு மதினி தன் கிணற்றில் 240 என்று பார்த்துவிட்டுத் தெருவெல்லாம் பெருமை பேசிவிட்டார். அது 2,400. கண்ணாடி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம், இது உப்பை மட்டும்தான் பார்க்கும். கிருமி இருக்கிறதா, புளோரைடு இருக்கிறதா என்பதெல்லாம் இதற்குத் தெரியாது. 70 காட்டும் குடம் கழுவாத குடமாகவும் இருக்கலாம். இந்த உப்பைக் காட்டி மிரட்டி வியாபாரம் செய்கிறவர்களும் உண்டு. வடிகட்டி விற்க ஒரு பையன் கடைக்கு வந்தான். குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர், ஆர்.ஓ. தண்ணீர் ஒரு டம்ளர், இரண்டிலும் கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுத்தான். குழாய்த் தண்ணீர் துருப்பிடித்த நிறத்துக்கு மாறியது. “பாருங்கக்கா, இதைத்தான் பிள்ளைகளுக்குக் குடுக்குறீங்க” என்றான். நான் கல்லாப் பக்கத்திலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அவனுடைய ஆர்.ஓ. டம்ளரில் போட்டு, இப்போது கரண்ட் கொடு தம்பி என்றேன். அதுவும் பழுப்பாயிற்று. கரைந்து வருவது கம்பியின் இரும்பு. உப்பு இருந்தால் மின்சாரம் ஓடும், கம்பி கரையும். டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டான், பாவம்.

சரி, இது நிஜமாக எங்கே உதவுகிறது? சொந்தக் கிணற்றில். எங்கள் கரையோர மணலில் மழைத் தண்ணீர் இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. அதே கணக்குதான் மறுபக்கமும். இறைத்து மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு அந்த 40 அடிக்கு ஏறப் பார்க்கும். மோட்டார் ஒரே இடத்தில் வேகமாக உறிஞ்சும்போது நேர் கீழிருந்து உப்பு கூம்பு மாதிரி எழும்பி வருகிறது. போட்டவுடன் 1,400 காட்டிய எங்கள் போர், தொட்டி நிறையும் நேரத்தில் 1,900. சிரட்டையில் மொள்ளும் ஊத்து எத்தனை குடம் எடுத்தாலும் 310-ஐ விட்டு அசையவில்லை. அது ஊறுகிற வேகத்துக்குத்தான் நாம் எடுக்கிறோம். நம் கிழவிகள் சும்மா உட்கார்ந்து மொண்டுகொண்டிருக்கவில்லை.

அப்புறம் நான் மோட்டாரை ஒரே மூச்சில் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். இப்போது 1,500-ஐத் தாண்டுவதில்லை. ஓட்டுக் கூரைத் தண்ணீரையும் கிணற்றுப் பக்கம் திருப்பினோம். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 800 மி.மீ. சொச்சம்தான் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும், அப்போது பிடித்தால்தான் உண்டு. கார்த்திகை முடிவில் போர் 1,050-க்கு இறங்கியது. கூரைத் தண்ணீர் எவ்வளவு, வானம் தானாகக் கொடுத்தது எவ்வளவு என்று மீட்டர் பிரித்துச் சொல்லாது. காலண்டர் ஓரத்தில் தேதி போட்டுக் குறித்து வருகிறேன்.

வாங்குகிறவர்களுக்கு: 9,990 வரை காட்டுவதா என்று பார்த்து வாங்குங்கள், நம் கரைக்கு 999 பத்தாது. சரிபார்க்கும் உப்புக் கரைசலை, 342 என்று எழுதியிருக்கும், தனியாக வாங்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் முக்காதீர்கள். பட்டன் செல் இரண்டு போடுகிறது, வாட்ச் கடையில் கிடைக்கும். அளந்த பிறகு நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து மூடிவையுங்கள், இல்லையென்றால் முனையில் உப்புப் பூத்து அடுத்த தடவை ஆர்.ஓ. குடத்துக்கே 200 காட்டும்.