ஹார்ஸ்ராடிஷ் புட்டி: பிராண்டைவிடத் தேதி முக்கியம்

ஹார்ஸ்ராடிஷ் என்பது கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்றின் காரமான வேர். அந்தப் பெயரில் புட்டியில் இரண்டு வகைச் சரக்கு விற்கிறது. ‘பிரிப்பேர்ட்’ என்பதில் துருவிய வேர், வினிகர், உப்பு, அவ்வளவுதான். ‘சாஸ்’ என்பதில் கிரீம் அல்லது எண்ணெய், சர்க்கரை, கெட்டிப்படுத்தும் மாவு எல்லாம் சேரும். பிரிட்டனில் வறுத்த மாட்டிறைச்சிக்குப் பக்கத்தில் வைப்பது இந்தச் சாஸைத்தான். எங்கள் ஓட்டு முதல் வகைக்கே. 2 மேசைக்கரண்டி பிரிப்பேர்டை அரை கப் புளித்த கிரீமில் கலந்தால் சாஸ் ஆகிவிடும். சாஸிலிருந்து வேரைப் பிரித்தெடுக்க முடியாது. சாஸ்தான் வேண்டுமென்றால் லேபிளில் வேரின் சதவீதத்தைப் பாருங்கள்.

முழு வேரில் நெடி அநேகமாக இருக்காது. துருவும்போது செல்கள் உடைந்து, சினிக்ரின் என்ற பொருளை மைரோசினேஸ் நொதி சிதைக்கிறது. அப்போது பிறக்கும் அல்லைல் ஐசோதயோசயனேட்தான் மூக்கில் ஏறுகிறது. கடுகின் நெடியும் இதுவே. வினிகர் அந்த வேலையை நிறுத்தும். வீட்டில் செய்பவர்கள் 250 கிராம் வேருக்கு 4 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர், அரைத் தேக்கரண்டி உப்பு எடுக்கலாம். துருவியதும் ஊற்றினால் மிதம், 3 நிமிடம் விட்டு ஊற்றினால் கண்ணில் நீர் வரும். ஊற்றாமலே விட்டால் கறுத்துக் கசக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெங்காயம் இதன் முன் சாது.

புட்டியிலும் காரம் நாளாக நாளாகப் பறந்துவிடும். கடையில் ஃபிரிட்ஜில் இருப்பதை, தேதி புதிதாகப் பார்த்து எடுங்கள். வெளுப்பாக இருந்தால் நல்லது, பழுப்பேறியதை விட்டுவிடுங்கள். பீட்ரூட் சேர்த்த சிவப்பு வகையில் இந்தச் சோதனை செல்லாது. கெச்சப்புக்குப் பெயர்போன அமெரிக்க நிறுவனர் ஹெய்ன்ஸ் 1869-இல் முதன்முதலில் விற்ற சரக்கே ஹார்ஸ்ராடிஷ்தான். டர்னிப் கலப்படம் மலிந்த காலம் என்பதால் உள்ளிருப்பது தெரியும்படி தெளிந்த கண்ணாடிப் புட்டியில் அடைத்து விற்றார்.

அடுப்பில் கொதிக்கவிட்டால் காரம் போய்விடும், இறக்கியபின் சேருங்கள். இறாலுக்கு அரை கப் கெச்சப்பில் 1 மேசைக்கரண்டி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு போதும். டியூபில் வரும் ‘வசாபி’ என்ற ஜப்பானியக் காரப் பசையும் பெரும்பாலும் பச்சை நிறமேற்றிய ஹார்ஸ்ராடிஷும் கடுகும்தான், அதற்கென்று தனிக் காசு கொடுக்க வேண்டாம்.

முருங்கைக்கு ஆங்கிலத்தில் ‘ஹார்ஸ்ராடிஷ் மரம்’ என்றே ஒரு பெயர் உண்டு. இந்தியாவில் இருந்த வெள்ளையர் அதன் வேரைத் துருவி மாட்டிறைச்சிக்குத் தொட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்து நீங்கள் முயல வேண்டாம்: அந்த வேர்ப்பட்டையில் நச்சு உண்டு.