பழைய களஞ்சியத்தை வீடாக்கல்: மூன்று வழிகள், மூன்று இழப்புகள்

மரச்சட்டகத்தில் எழுந்த பழைய தானியக் களஞ்சியத்தை வீடாக்க விரும்புவோர் முன் மூன்று வழிகள் உள்ளன: சட்டகத்தைப் பிரித்துப் புதிய அடித்தளத்தில் மீண்டும் நிறுத்துவது, நின்ற இடத்திலேயே செப்பனிடுவது, பழைய கூட்டைத் தொடாமல் அதனுள் தனி வீடு ஒன்றைக் கட்டுவது. செலவும் வசதியும் வழக்கமாகப் பேசப்படுபவைதாம். கட்டடத்தின் வரலாற்றைச் சொல்லும் தடயங்களில் எவ்வளவு மிஞ்சும் என்பதை வைத்தும் இவற்றை எடைபோட வேண்டும்.

பிரித்துக் கட்டுவதில் வசதி அதிகம். ஈரம் ஏறாத அடித்தளம் கிடைக்கிறது. வெப்பக்காப்புப் பலகைகளைச் சட்டகத்துக்கு வெளிப்புறமாகப் போர்த்த முடிவதால் தூண்களும் உத்திரங்களும் வீட்டுக்குள் முழுமையாகத் தெரிகின்றன. ஐரோப்பாவின் பழைய தச்சர்கள் பெரும்பாலும் பொருத்துகளில் ரோமன் எண்களை ஒத்த கீறல்களை இட்டுச் சென்றிருப்பார்கள். மீண்டும் பூட்டும்போது அவையே வழிகாட்டும். ஆனால், பொருத்துகளைப் பூட்டியிருக்கும் மரமுளைகளைத் துளைத்தெடுக்க நேரும். தரையோடும் சுவரோடும் சட்டகத்துக்கு இருந்த தொடர்பு அறுந்துபோகும். வேற்றிடத்துக்குக் கொண்டுபோனால் மிஞ்சுவது மரம் மட்டுமே.

நின்ற இடத்தில் செப்பனிடுவது மெதுவான வேலை. தூணின் அடி உளுத்திருந்தால் உளுத்த அளவை மட்டும் அறுத்தெடுத்துப் புதுமரத்தை ஒட்டுப்பொருத்தாக இணைப்பார்கள். 1877-இல் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் முதலானோர் இங்கிலாந்தில் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் வலியுறுத்தியதும் புதுப்பித்தலை அன்று, இத்தகைய பழுதுபார்த்தலையே. போர்ட்லாந்து சிமெண்டுக்கு 1824-இல்தான் காப்புரிமை பெறப்பட்டது. அதற்கு முந்தைய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தாலோ மண்சாந்தாலோ ஆனவை. அவற்றின்மீது சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மரத்துக்குள் இறங்கும்.

காலக்கணிப்புக்கு இவ்வழியே மிகவும் உகந்தது. மர வளையங்களை ஆராயும்போது, பட்டையை ஒட்டிய கடைசி வளையம் எஞ்சியிருந்தால் மரம் வெட்டப்பட்ட ஆண்டையே சொல்லிவிடலாம். பட்டைக்கு அடுத்த வெளிமரம் முழுவதும் போய்விட்டால், எந்த ஆண்டுக்குப் பின் வெட்டப்பட்டது என்பதை மட்டுமே சொல்ல முடியும். வைரம் பாயாத அந்த வெளிமரத்தைத்தான் வண்டுகள் முதலில் அரிக்கின்றன, அதைத்தான் உரிமையாளர்களும் அழகுக்காக மணல்வீச்சில் சுரண்டிவிடுகிறார்கள். இங்கிலாந்தின் கிரெசிங் டெம்பிள் களஞ்சியங்கள் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பதை உறுதிப்படுத்தியதும் மரவளைய ஆய்வுதான். எதுவும் பொருந்தாத வெற்றுத் துளையுள்ள உத்திரம், வேறொரு கட்டடத்திலிருந்து வந்ததாகவோ பின்னர் ஏதோ நீக்கப்பட்டதாகவோ இருக்கலாம். எதுவென்று அறிய அது இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். குறை ஒன்றுண்டு: உட்புறமாக வெப்பக்காப்பு வைத்தால், காப்பாற்றிய கீறல்கள் பலவும் மறைந்துவிடும்.

உள்ளே கட்டும் தனி வீட்டை வேண்டாதபோது கழற்றிவிடலாம் என்பதே மூன்றாம் வழியின் பெருஞ்சிறப்பு. இடம் சுருங்கும், வெளிச்சமும் குறையும். எனினும், தானியம் தூற்றும்போது காற்று ஊடுருவ எதிரெதிரே வைக்கப்பட்ட உயர்ந்த வாயில்களுக்குக் கண்ணாடி பதித்தால் சுவரில் புதிய சன்னல்களை வெட்டும் தேவை பெரும்பாலும் நீங்கும்.

சட்டகம் உறுதியாக இருந்தால் இரண்டாம் வழியையும், கட்டடம் மிகப் பெரிதாகவும் அரியதாகவும் இருந்தால் மூன்றாவதையும் தேர்வேன். இடிபடவிருக்கும் களஞ்சியத்துக்கு மட்டுமே முதலாவது. இரண்டாம் வழியிலும் தரைக்கடியில் வெப்பக்குழாய் பதிக்கத் தோண்டினால் கதிரடித்த பழைய தளம் அழியும். ஆகையால், அதை அளந்து படமெடுத்துப் பதிவுசெய்யும் வேலை ஒப்பந்தக்காரர் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.