பழைய தெருக்காட்சி ஓவியத்துக்கு விலை மதிக்க யாரிடம் போகலாம்?

மழையில் நனைந்த பாரிஸ் சாலை, மஞ்சள் விளக்குகள், குடை பிடித்த ஆட்கள். 1950, 60களில் வரவேற்பறைச் சுவருக்கென்றே இப்படிப் பட்டறைகளில் ஏராளமாக வரைந்து தள்ளினார்கள். அதே காட்சிகளைப் புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர்களான எதுவார் கோர்த்தெஸும் (1882–1969), அந்துவான் பிளாங்ஷார் என்ற புனைபெயரில் மார்செல் மாசோனும் வரைந்திருக்கிறார்கள். இரண்டு வகைக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கையில் இருப்பது எது என்பதைப் பொறுத்துத்தான் யாரிடம் காட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

இணையத்தில் படம் அனுப்பிக் கேட்பது மலிவு, வேகம். ஆனால் அச்சிட்ட கேன்வாஸ் மேல் தூரிகைத் தடம் போலத் தோன்ற ஜெல் பூசியிருந்தால் படத்தில் தெரியாது. அதை முதலில் நீங்களே பாருங்கள். 10 மடங்கு லென்ஸில் சீரான வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. தூரிகைத் தடம் குடையின் விளிம்பையோ விளக்குக் கம்பத்தையோ சட்டை செய்யாமல் தன் போக்கில் ஓடினாலும் சந்தேகப்படுங்கள். அனுப்ப வேண்டியவை: முன்புறம், பின்புறம், கேன்வாஸை மடித்து ஆணி அடித்த ஓரம், கையொப்பம். சட்டத்தைக் கழற்றி அளந்து, உயரத்தை முதலில் எழுதி, சென்டிமீட்டரில் கொடுங்கள். சட்டத்தோடு அளந்தால், பழைய ஏல விற்பனைகளோடு ஒப்பிடும்போது கணக்கு தப்பிவிடும்.

ஏல நிறுவனம் மதிப்புச் சொல்லப் பெரும்பாலும் கட்டணம் வாங்காது, விற்பனை தங்களுக்கு வர வேண்டும் என்பதால். ஏலம் கேட்பவர்களை இழுக்க மதிப்பைக் குறைத்தே போடுவதும் உண்டு. விற்கும் எண்ணம் இருந்தால் இதுவே சரியான வழி. அந்த ஓவியரை ஏற்கெனவே விற்ற நிறுவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பலரும் ஏமாறுவது கணக்கில்தான். ஏலம் 100இல் முடிந்து சுத்தியல் விழுந்து, வாங்குபவர் கட்டணம் 25%, விற்பவர் கழிவு 15% என்றால், வாங்கியவர் கொடுப்பது 125, உங்கள் கைக்கு வருவது 85. ஏலப் பதிவேடுகள் பலவும் அந்த 125ஐத்தான் காட்டும். கடைகள் கேட்கும் விலையை ஒப்பீட்டுக்கே எடுக்காதீர்கள். அந்த விலைக்கு யாரும் வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை.

காப்பீடு, பாகப்பிரிவினை, வரி என்றால் எழுத்துப்பூர்வ அறிக்கை தரும் கட்டண மதிப்பீட்டாளர்தான் வேண்டும். எந்த மதிப்பு என்று அறிக்கையில் இருக்க வேண்டும்: காப்பீட்டுக்கான மாற்று மதிப்பு (அதே போன்ற ஒன்றைத் திரும்ப வாங்க ஆகும் செலவு), சந்தை மதிப்பைவிடப் பொதுவாக அதிகம். மணிக்கணக்கிலோ ஓவியத்துக்கு இவ்வளவு என்றோ கூலி கேட்பது முறை. மதிப்பில் இத்தனை சதவீதம் என்றாலோ, "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்றாலோ வேறு ஆளைப் பாருங்கள். நல்லவர் புற ஊதா விளக்கில் பார்ப்பார். பிற்காலத்தில் பூசிய திருத்தங்கள் பழைய வார்னிஷ் மேல் கருந்திட்டுகளாகத் தெரியும். கையொப்பத்தின் வண்ணம் பழைய வெடிப்புக்குள் இறங்கியிருந்தால், அது வெடிப்புக்குப் பிறகு போட்ட கையொப்பம்.

பெயர் தெரியாத பட்டறை ஓவியத்துக்குக் கட்டண அறிக்கை வாங்குவது வீண்; கூலி ஓவியத்தின் விலையையே தாண்டிவிடும். பிளாங்ஷார் கையொப்பம் இருந்தால் நேர்மாறு. போலிகள் அதிகம் என்பதால், படத்தைப் பார்த்து மட்டும் சொல்லும் தீர்ப்பை நம்பக் கூடாது. எந்த வழியில் போனாலும் அதற்கு முன் ஓவியத்தைத் துடைக்காதீர்கள். ஈரத்துணி வார்னிஷை வெளுக்க வைக்கும், எழும்பிய வண்ணச் சில்லுகளையும் பெயர்த்துவிடும்.