கே.கே. நகர் மாடி வீட்டு ஜெர்மன் வகுப்பு: நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம்

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போக மதுரையில் மொழி படிக்கிறவர்கள் இப்போது ஏராளம், வகுப்புகளும் அதற்கேற்ப ஏராளம். நான் சொல்ல வருவது கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் சின்ன வகுப்பு. போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது, படித்துவிட்டுப் போனவர்கள் சொல்லித்தான் அடுத்தவர்கள் வருகிறார்கள். நடத்துகிற மேடம் பல வருஷம் அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். நான் பி2-வுக்காகச் சேர்ந்தேன், அதாவது ஜெர்மன் மொழித் தேர்வில் பி1-க்கு அடுத்த நிலை. அதற்கு முன் படித்த பெரிய இடத்தில் மாதிரி வினாத்தாளைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை, பேசி முடித்து எப்படிக் கிளம்புவது என்று கேட்டால் 'ஆஃப் வீடர்சேயன்' (மீண்டும் பார்ப்போம்) என்ற ஒன்றோடு சரி.

இங்கே வகுப்பு முடிந்ததும் சட்டென்று படியிறங்க முடியாது. மேடம் மாடிப்படி வாசலில் துண்டுச் சீட்டுகளோடு நிற்பார். 'கூட வேலை பார்க்கும் தோழி', 'பேக்கரிக்காரர்', 'ஃபோனில் டாக்டர்', 'டிஸ்சார்ஜ் ஆகும் பாட்டி' என்று ஒவ்வொரு சீட்டிலும் ஒரு ஆள், அந்த ஆளுக்குப் பொருத்தமாக விடைபெற்றால்தான் செருப்பைப் போடலாம். தோழிக்கு 'ட்ச்சூஸ், பிஸ் மோர்கன்', அதாவது போய்வருகிறேன், நாளைக்குப் பார்ப்போம். பேக்கரியில் முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் 'ட்ச்சூஸ்' தாராளமாகச் சொல்லலாம், கூட 'ஷ்யோனன் டாக் நோஹ்', இனிய நாளாகட்டும் என்று சேர்த்தால் இன்னும் நல்லது. ஃபோனில் டாக்டருக்கு 'ஆஃப் வீடர்ஹ்யோரன்', மீண்டும் பேசுவோம் என்பது போல. பாட்டிக்கு 'கூட்டே பெஸ்ஸருங்', சீக்கிரம் குணமாகட்டும் என்று சொல்லாமல் விட்டால் வரிசையில் திரும்பவும் கடைசி.

'ட்ச்சூஸ்' என்ற ஒரு சொல்லுக்கே மேடம் அவ்வளவு மெனக்கெடுகிறார். உதட்டை 'ஊ' என்று குவித்துக்கொண்டு உள்ளே 'ஈ' சொல்லச் சொல்வார், அந்த நடுவில் வருகிற ஒலிதான் வேண்டும். அப்புறம் ராகம். உசிலம்பட்டியிலிருந்து வரும் ஒரு பெண் அதைக் கட்டையாகச் சொன்னபோது, "ஏம்மா, சண்டை போட்டுட்டா போற? கடைசியில கொஞ்சம் இழு" என்று சொல்லி, சரியாக வரும்வரை விடவில்லை. இந்த அக்கறை எனக்கு ரொம்பப் பிடித்தது.

வார்டு வேலைக்கு நேராக உதவுவது 'பிஸ்' வரிசை. மாத்திரை எடுத்துக்கொண்டு இதோ வந்துவிடுவேன் என்றால் 'பிஸ் கிளைஷ்', சாயங்காலம்தான் வருவேன் என்றால் 'பிஸ் ஷ்பேட்டர்'. மாற்றிச் சொன்னால் நோயாளி கதவைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். 'மாஹ்ஸ் கூட்' (நல்லபடியா இரு) என்பது நீ, நான் என்று பழகுகிறவர்களுக்கு மட்டும், பெரியவர்களிடம் 'மாஹன் ஸீஸ் கூட்' என்று மரியாதை சேர்க்க வேண்டும். 'கூட்டே நாஹ்ட்', அதாவது குட் நைட், படுக்கப் போகும்போதுதான். டியூட்டி முடிந்து போகிறவருக்கு 'ஷ்யோனன் ஃபையர்ஆபெண்ட்' (வேலை முடிந்த ஓய்வு இனிதாகட்டும்), இதை மறக்காமல் சொல்கிற புது ஆளை டீமில் சீக்கிரம் சேர்த்துக்கொள்வார்கள் என்கிறார் மேடம்.

ஊருக்கு ஊர் மாறுவதையும் விடவில்லை. ஜெர்மனியின் தெற்கு மாநிலமான பவேரியாவிலும் பக்கத்து நாடான ஆஸ்திரியாவிலும் வரும்போதும் போகும்போதும் 'செர்வுஸ்'தான், கிளம்பும்போது 'ப்ஃபியட் டி'யும் உண்டு, கடவுள் உன்னைக் காக்கட்டும் என்று பொருள். ஸ்டுட்கார்ட் பக்கம் 'அடே' (வகுப்பே சிரித்துவிட்டது), கொலோன் பக்கம் 'ட்ச்சியோ'. 'ட்ச்சூஸ்' வடக்கிலிருந்து பரவியது, தெற்கில் சில பெரியவர்களுக்கு இன்னும் அவ்வளவாக ஒட்டாது. 2012-ல் பவேரியாவின் பாசாவ் நகரில் ஒரு பள்ளித் தலைமையாசிரியை 'ஹலோ', 'ட்ச்சூஸ்' இல்லாத இடம் என்று பள்ளியையே அறிவித்தார், செய்திகளில் பெரிதாக அடிபட்டது. வேலை எந்த ஊரில் கிடைக்கும் என்றே தெரியாமல் கிளம்புகிற நமக்கு இதெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்?

குறை என்றால் எழுத்துப் பயிற்சி போதாது. கோய்தே நிறுவனம் நடத்தும் பி2 தேர்வில் படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என நான்கிலும் தனித்தனியாக நூற்றுக்கு 60 எடுத்தாக வேண்டும். பேச்சில் இங்கே தைரியம் வந்துவிடும், எழுத்துக்கு நாமாகத்தான் உட்கார வேண்டும். திருத்தக் கொடுத்த தாள் திரும்பி வரவும் தாமதமாகிறது. கேட்கும் பயிற்சிக்கு வைத்திருக்கும் ஸ்பீக்கர் இரைகிறது, அதை முதலில் மாற்றலாம்.

கட்டணத்தை இரண்டு தவணையாகத் தரலாம். பி1 முடித்தவர்கள் யோசிக்காமல் சேரலாம், தேர்வு தேதி நெருங்கிவிட்டவர்களுக்கு இது சரிவராது. மாட்டுத்தாவணி பக்கம்தான், ஆனால் சீட்டுப் பயிற்சியால் மாலை பேட்ச் முடிய இருட்டிவிடும். மேலூர், திருமங்கலம் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வரிசையில் முதலில் நிறுத்தி அனுப்பிவிடுவார்.