ஜெல்ஃபோம்: வேலை முடிந்ததும் கரைந்துபோகும் அடைப்பு

ரத்தக்குழாயைத் தற்காலிகமாக அடைக்க மருத்துவர்கள் இன்றும் பெரிதும் நம்பியிருப்பது, அதற்கென்று உருவாக்கப்படாத ஒரு பொருளைத்தான். பன்றித்தோல் ஜெலட்டினால் ஆன ஜெல்ஃபோம், 1940களில், அறுவைச் சிகிச்சையின்போது கசியும் ரத்தத்தை நிறுத்த மேலே வைத்து அழுத்தும் பஞ்சாக அறிமுகமானது. ரத்தக்குழாய்க்குள் வைக்கக் கூடாதென்று அதன் குறிப்பேடே எச்சரிக்கிறது. அதை மீறிய பயன்பாடே அதற்குப் பெரும்புகழ் தேடித் தந்தது என்பது விசித்திரம்தான்.

1972இல் ரோஷ், டாட்டர் என்ற மருத்துவர்களின் குழுவினர் இரைப்பை ரத்தப்போக்கை நிறுத்த நோயாளியின் சொந்த ரத்த உறைவையே கதீட்டர் என்ற மெல்லிய குழல் வழியாகச் செலுத்தினார்கள். ஆனால் அத்தகைய உறைவு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் கரைந்துவிடும். குழாயை அடைக்க வைக்கப்படும் உலோகச் சுருளோ நிரந்தரமாகத் தங்கிவிடும். இவ்விரண்டுக்கும் இடையில், சில வாரங்கள் தாக்குப்பிடித்த பின் உடலால் உறிஞ்சப்படுவதே ஜெல்ஃபோமின் சிறப்பு. பிரசவத்துக்குப் பின் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தத்தை நிறுத்தக் கருப்பைத் தமனியை அடைக்கும்போது, அத்தமனி பின்னர் பெரும்பாலும் திறந்துகொள்வதால், கருப்பையை அகற்றாமலேயே தாயைக் காப்பாற்ற முடிகிறது. இந்த ஒன்றுக்காகவே இதைச் சிபாரிசு செய்யலாம்.

குறை, பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. பஞ்சைக் கத்தரித்துச் சிறு துண்டுகளாக்கி, எக்ஸ்ரேயில் தெரியும் கான்ட்ராஸ்ட் திரவத்துடன் சேர்த்து, மும்முனைத் திருகால் இணைத்த இரு சிரிஞ்சுகளுக்கிடையே மாறி மாறித் தள்ளிக் குழம்பாக்குகிறார்கள். எத்தனை முறை தள்ளுகிறோமோ அந்த அளவுக்குத் துகள் நுண்மையாவதால், அளவு கைக்குக் கை மாறுகிறது. மிக நுண்ணிய துகள் கடைக்கோடிக் குழாய்கள்வரை சென்று திசுவையே அழுகச் செய்யக்கூடும் என்பதால், இதே ஜெலட்டினின் பொடி வடிவத்தைத் தவிர்ப்பதே நல்லது. ஜப்பானில் 1, 2 மில்லிமீட்டர் அளவுகளில் ஆயத்தத் துகளாக விற்கப்படும் ஜெல்பார்ட் இக்குறையைப் பெருமளவு தீர்த்திருக்கிறது.

ரத்தம் உறையும் திறன் குன்றிய நோயாளியிடம் இப்பஞ்சை மட்டும் நம்பியிருக்க முடியாது. உறைவு அதைச் சூழ்ந்தால்தான் அடைப்பு உறுதிப்படும். அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டிய அரை ஆயுள் (பாதியளவு கரைய ஆகும் நேரம்) கொண்ட மாவுச்சத்து நுண்கோளங்களும் உண்டு. அவை கல்லீரல் கட்டிக்கு மருந்து செலுத்தும்போது உதவுமேயன்றி, ரத்தப்போக்கை நிறுத்த ஏற்றவையல்ல.

வாங்கும் மருத்துவமனைகளுக்கு ஒரு வார்த்தை: உறையைப் பிரித்தபின் மீந்த பஞ்சை வெப்பத்தால் கிருமிநீக்கம் செய்து மறுபடி பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் சூடு பட்டால் அது கரையும் காலம் மாறிவிடக்கூடும்.